கமலவேணியின் தண்ணீர் முறை

கமலவேணி பாத்தி கொத்தும்போது யாரையாவது திட்டிக்கொண்டேதான் கொத்துவாள். நத்தையைத் திட்டுவாள், வெயிலைத் திட்டுவாள், வேலியோரம் நின்று பேச்சுக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் திட்டுவாள். கணவர் நல்லையாவை மட்டும் திட்ட மாட்டாள். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான், ஏனென்றால் திட்டு வாங்க வேண்டிய ஒரே ஆள் அவர்.

காஜா பேராங் என்கிற எங்கள் ஊர்க் கோடியில், மலாய்க்காரர்களின் வயல் முடிகிற இடத்தில், தமிழர்கள் சிலர் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் கடைசித் துண்டு இவர்களுடையது. கொத்துவது, விதைப்பது, கொடிக்குக் கம்பு நடுவது, விடியலில் கூடையைத் தலையில் ஏற்றிப் பசார் சந்தைக்கு நடப்பது எல்லாம் கமலவேணி. நல்லையா பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்க்கிறார். பயற்றங்கொடி எந்தப் பக்கம், கத்தரி எந்தப் பக்கம் என்று கேட்டால் மகள் கோகிலாவைக் கூப்பிடுவார். ஆனாலும் தோட்டத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், மண்வெட்டியும் கையுமாக நின்றபடியே கமலவேணி சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கால்வாய். அதை வாரம் ஒருவர் என்று முறை வைத்துத் திருப்பிக்கொள்கிறார்கள். ஞாயிறு காலை மாமரத்தடியில் ஆண்கள் கூடுவார்கள். கால்வாயை மறிக்கிற பலகையைத் தலைவர் தம்பிராஜா நடுவில் போடுவார். யார் முறையோ அந்த வீட்டு ஆண் எழுந்து எடுத்துக்கொள்வார். பலகை யாரிடமோ அந்த வாரத் தண்ணீர் அவருக்கு. பெண்கள் சற்றுத் தள்ளி நிற்கலாம். பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, பேசியவளும் இல்லை.

நல்லையாவின் பெருந்தன்மை இங்கேதான் பொங்கும். போன முறை இன்னொரு தோட்டக்காரரான மருதமுத்து, "அண்ணே, இந்த வாரம் எனக்கு விட்டுக்குடுங்களேன்" என்றதும் பலகையைத் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டார். கேட்டால், "நாலு பேரு முன்னால கேட்டுட்டான், எப்புடி இல்லன்னு சொல்றது?" என்கிறார். அதற்கு முந்தைய முறையும் இதே கதைதான். இவர் நல்லவர் என்று பெயர் வாங்கினார், மனைவி கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தாள்.

இந்த ஆண்டு மழையும் ஏமாற்றிவிட்டது. கிணற்றில் வெறும் சேறு. பூ விட்ட கொடி துவண்டு கிடக்கிறது. வருகிற ஞாயிறு இவர்கள் முறை. அப்போதும் தண்ணீர் பாயாவிட்டால் பயறு மொத்தமும் கருகிப்போகும். அதை விற்றால்தான் கோகிலா பள்ளிக்கூடம் போவாள். நல்லையாவோ காப்பிக் கடையில் உட்கார்ந்து நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருக்கிறார். மெர்டேக்கா, அதுதான் அந்தச் சுதந்திரம், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டிலும் வந்து சொன்னாராம்.

"மெர்டேக்கா வந்து கொடிக்குத் தண்ணி ஊத்துமாண்ணே?" என்று கமலவேணி என்னிடம் கேட்டாள்.

"அத அவருகிட்ட கேளும்மா. கூட்டத்துலயும் நீயே பேசு."

"நான் பேசுனா அவரு மொகத்த எங்க வச்சிக்குவாரு?"

"கொடி காஞ்சு போனா?"

"போங்கண்ணே, ஒங்களுக்கு வேற வேல இல்ல." ஓங்கி ஒரு கொத்து. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறு வந்தது, கூட்டம் கூடியது. தம்பிராஜா பலகையைப் போட்டுவிட்டு, "நல்லையா மொற" என்றார். மருதமுத்து தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, கல்யாணத்துக்குன்னு வச்ச வாழ வாடுது..." நல்லையாவின் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்கென்னா தம்பி, எடுத்துக்க" என்றபடி பாதி எழுந்தார்.

அதற்குள் கமலவேணி ஆண்களுக்கு நடுவே வந்துவிட்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு, பலகையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மருதமுத்து நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். உட்கார்ந்திருக்கிற பெண்ணின் அடியிலிருந்து பலகையை எப்படி எடுப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பிராஜா தலையை அண்ணாந்து மாமரத்தைப் பார்த்தார்.

"என்னா புள்ள இது, எந்திரி" என்றார் நல்லையா.

"நீங்க வீட்டுக்குப் போயி ஒல வையுங்க. நான் தண்ணி கட்டிட்டு வரேன்."

அவர் நகரவில்லை. கமலவேணி தரையைப் பார்த்தபடியே பலகையின் இரண்டு ஓரங்களையும் கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.