தணிகாசலத்துக்குத் தெரியாத ஒயர்

மைக்செட்டுத் தணிகாசலம் போய்விட்டார் என்ற செய்தி நாஷ்டா வேளையில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் போஸ்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். "எப்போ?" என்று கேட்டேன். "ராத்திரியாம் ஆயா, நெஞ்சு வலியாம்" என்றாள். இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டேன். அழுகை வரவில்லை. வரவழைத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

பிறகு நானே போய் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். 'ஒலி உலகச் சக்கரவர்த்தி எக்கோ தணிகாசலம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லாத ஆசாமிகள், அவர் படத்தைவிடப் பெரிய படமாகக் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருவருக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. செத்தவர் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவனா, ஓட்டுக் கேட்க வந்தவனா என்று தெரியவில்லை. 'எக்கோ' என்பது அவர் பட்டம் இல்லை, அவரைக் கேலி செய்ய வைத்த பெயர். அதைக்கூட எடுத்துவிட்டு அச்சடிக்கத் தெரியவில்லை.

இப்போது படத்திறப்புக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமே, நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்று வந்து நின்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் கையால் எழுதுவேன், என் மனதில் இருப்பதை எழுதுவேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன்.

நல்ல வார்த்தை என்றால் எங்கே தேடுவது? தணிகாசலத்தைப் போல் ஒரு பீற்றல்காரர் இந்தப் பக்கத்தில் பிறந்ததில்லை. எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாதா?" என்பார். கிணறு தோண்டுவதா, தெரியும். குழந்தைக்கு மாந்தமா, தெரியும். பாக்டரியில் ஏன் புகை மஞ்சளாக வருகிறது என்று கேட்டால் அதுவும் தெரியும். ஆடி மாதக் கூழ் திருவிழாவில் அம்மன் கோயிலுக்குச் செட்டுக் கட்ட வந்தார். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதன் வாயைத் தெருக்கோடிப் பக்கம் திருப்பி வைத்தார். அங்கேதான் இன்னொரு மைக்செட்டுக்காரர் வீடு.

"யோவ், சாமி இந்தப் பக்கம் கீது. கொழா அந்தப் பக்கம் பாக்குதே?" என்று கேட்டேன்.

"சாமிக்குக் காது நல்லா கேக்கும்மா. எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மன் அன்றைக்கு ஒரு பாட்டும் கேட்கவில்லை. அந்த ஆள் வீட்டில் மட்டும் மூன்று நாள் யாரும் தூங்கவில்லை.

என் வீட்டுக்காரர் காரியத்தன்று அவர் செய்ததையும் சொல்கிறேன். தேவாரம் பாட வந்த பெரியவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் மைக்கைப் பிடுங்கி, "ஐயா பாடறது இவ்ளோ தெளிவா விழுதுன்னா, அதுக்குக் காரணம் இந்த ஆம்ப்ளிபயரு. நானே கட்டினது" என்றார். தாலி அறுத்து உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனிதர் பெட்டிக்கு விளம்பரம் செய்கிறார். "வாய மூடுய்யா!" என்று நான் உள்ளேயிருந்து கத்தியது மைக்கில் ஊருக்கே கேட்டது. "பாத்தீங்களா, எம்மாந்தூரம் இழுக்குது மைக்கு!" என்றார்.

இவரைத்தான் நான் என் பேரன் முரளியின் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. வேறு கதி இல்லை. முரளி மஸ்கட்டில் வெல்டர். லீவு கிடைக்கவில்லை. அவன் அங்கே கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், இங்கே சபை பேசுவது அவனுக்கு விழ வேண்டும், அவன் பேசுவது சபைக்கு விழ வேண்டும். மற்ற செட்டுக்காரர்கள் கம்ப்யூட்டர் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். இவர்தான், "எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஏன் அவன் பேசியே ஆக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். முரளிக்குச் சின்ன வயதிலிருந்து வாய் திக்கும். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. இரும்பை ஒட்டவைப்பது கை, நாக்கு இல்லை. ஆனால் இதனாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. "இதுதான் கடைசி ஆயா, இனிமே எனக்குப் பொண்ணு பாக்காத" என்று சொல்லிவிட்டான். இந்தச் சம்பந்தம் வேப்பம்பட்டில். பெண் பெயர் சுமதி. அவளிடம் அவனே போனில் விஷயத்தைச் சொன்னான். "நிதானமா பேசுங்க, எனக்கு ஒண்ணும் ரயிலுக்கு நேரமாவல" என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் சுமதிக்கு அப்பா இல்லை. எல்லாம் பெரியப்பா. மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் யாரைப் பார்த்தாலும் வேலைக்கு வந்த ஆள் மாதிரிதான் பேசுவார். அவர் காதில் எவனோ போட்டுவிட்டான். "பையனுக்கு வாய் வராதாமே. சபையில அவன் வாயத் தொறந்து பேசட்டும். அப்புறம்தான் தட்டு மாத்தறது" என்று சொல்லியனுப்பினார். தட்டு மாற்றாமல் அவர்கள் எழுந்துபோனால், என் பேரன் வாழ்க்கை முழுக்க ஒண்டிக்கட்டைதான்.

நிச்சயதார்த்தம் நெட் சென்டருக்குப் பக்கத்து மண்டபத்தில். நெட் சென்டர் கலா ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். இங்கிருந்து மூன்று சத்தம் முரளிக்குப் போக வேண்டும். லக்னப் பத்திரிகை படிக்கிறவர் மைக், சபை பேசக் கைமைக், நாதஸ்வரம் போடுகிற சிடி. கம்ப்யூட்டரிலோ ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது.

"மூணு இன்னாம்மா மூணு, முப்பது குடு. ஒரே ஓட்டைல எறக்கறேன்" என்றார் தணிகாசலம்.

எல்லாவற்றையும் தன் ஆம்ப்ளிபயரில் சேர்த்து, அதிலிருந்து ஒரு ஒயரை அந்த ஓட்டையில் சொருகினார். முரளி முகம் துண்டு துண்டாக வந்து ஒன்றுசேர்ந்தது. ஆனால் அவன் குரலும் அதே ஆம்ப்ளிபயர் வழியாகத்தானே ஸ்பீக்கர் பெட்டிக்கு வருகிறது? அதனால் அவன் அங்கே பேசுவது, இங்கே சபைக்குக் கேட்டுவிட்டு, அந்த மூன்றோடு நாலாவதாகச் சேர்ந்து மறுபடி அவன் காதுக்கே போயிற்று. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து அவன் குரலே அவனுக்குக் கேட்டது. இங்கே எங்களுக்கும் எல்லாம் இரண்டு தடவை விழுந்தது.

"அங்கிள், எக்கோ வருது. அவரு கொரல் அவருக்கே திரும்பிப் போவுது. அந்த ஒரு ஒயர எடுத்துத் தனிப் பெட்டில குடுங்க, சரியாயிடும்" என்றாள் கலா. இவர் எடுத்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முரளியோடு ஏதோ பேசினார். நான் தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒயரைப் பழையபடியே சொருகிவிட்டார்.

"இன்னாய்யா, கெணத்துக்குள்ள பேசற மாதிரி கீது?" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும்னா? பேஜாரு புடிச்ச மனுஷா, சம்பந்திங்க வந்துக்கினுகிறாங்க!"

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

சபை கூடியது. பத்திரிகை படித்து முடிந்ததும் பெரியப்பா கைமைக்கை வாங்கினார். "தம்பி, எங்க வூட்டுப் பொண்ண எப்படி வச்சிக் காப்பாத்துவே? நாலு வார்த்த சொல்லு கேப்போம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெட்டியிலிருந்து முரளி குரல் வந்தது. "பெரியப்பா, என் பேரு முரளி. நான் மஸ்கட்ல வெல்டரு. சுமதி இன்னா படிக்கணும்னாலும் படிக்க வைப்பேன். எங்க ஆயாவ மட்டும் அது பாத்துக்கணும், ஏன்னா எங்க ஆயாவ வேற யாராலயும் பாத்துக்க முடியாது." ஒரு இடத்திலும் திக்கவில்லை. சபையே சிரித்தது. ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை விழுந்தது, அவ்வளவுதான். திருத்தணி முருகன் கண் திறந்தான் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா இது, ரெண்டு ரெண்டா கேக்குது? இதுல ஏதோ டகால்டி கீது. ஒயர சரி பண்ணு. பையன் கொரல் சுத்தமா வரட்டும், இன்னொரு வாட்டி பேசட்டும்" என்றார்.

"ஒரே ஒரு ஒயர்தான் சார், எடுத்துட்டா சரியாப்பூடும்" என்று கலா எழுந்தாள்.

தணிகாசலம் குறுக்கே வந்து நின்றார். "தொடாதம்மா" என்றார். பெரியப்பா பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாது சார்" என்றார்.

"இன்னா தெரியாது?"

"இத எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு கை வச்சா மொத்தமா போயிடும். என் செட்டு அவ்ளோதான் சார்."

"மைக்செட்டுன்னு போர்டு மாட்டிக்கினு எக்கோ செட்டா வச்சிக்கினுகிற? ஒரு ஒயர் தெரியல, உனக்கெல்லாம் தொழிலு!" என்றார் பெரியப்பா. மண்டபம் முழுக்கச் சிரித்தது. தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தனைத் தாழ்த்திவிட்ட திருப்தி பெரியப்பாவுக்கு. அந்த மாதிரி ஆட்களுக்கு அது போதும், கேட்க வந்ததே மறந்துபோகும். "சரி சரி, தட்ட எடுங்க" என்றார். தட்டு மாறியது.

நானும் சும்மா இருக்கவில்லை. "மானத்த வாங்கிட்டியே நைனா" என்று தணிகாசலத்தைக் கேட்டேன். அவருக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை போடச் சொன்னேன். கல்யாணத்தன்று முரளி நேரில் வந்து திக்கியபோது, "அன்னிக்கு நல்லாத்தானே பேசினாரு?" என்று பெரியப்பா முழித்தார். "அவருக்கு வெக்கம் பெரியப்பா" என்றாள் சுமதி. நானோ, அன்றைக்கு அவனைப் பேச வைத்தது முருகன்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தத்திலிருந்து தணிகாசலத்துக்கு ஊரில் 'எக்கோ' என்று பெயர். கும்மிடிப்பூண்டி வரைக்கும் போனது. தெருவில் நடந்து போனால் எவனாவது "எக்கோ... கோ... கோ..." என்பான். வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிற மனிதர், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். பெரிய கம்பெனி விழாக்களுக்கு அவரைக் கூப்பிடுவதும் நின்றது.

அவர் போன செய்தியை, மறுபடி மஸ்கட் போயிருந்த முரளிக்குச் சொல்ல, நானும் சுமதியும் நெட் சென்டருக்குப் போனோம். முரளி கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னான். நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஹெட்போனில் தணிகாசலம் அவனிடம் சொன்னது இது: "தம்பி, ஒயர எடுத்தா திக்கற. போட்டா தண்ணி மாதிரி பேசற. இன்னா மாயம்னு எனக்கே தெரியல. இருந்துட்டுப் போவட்டும். எவன் கேட்டாலும் என் தலைல போட்டுக்கறேன். உங்க ஆயா கிட்ட மட்டும் சொல்லாத, அது வாய் தாங்காது."

கலா பக்கத்திலிருந்து அவன் வார்த்தையை முடித்துவைக்கப் பார்த்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவன் சொல்லி முடிக்கும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

என் வாய் தாங்காதாம். என்ன திமிர்! அவரைத் திட்டியதில் ஒரு வார்த்தையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அவர் பீற்றல்காரர்தான். அம்மனுக்குப் பாட்டுப் போடாதவர்தான். ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று சொல்லத் தெரியாத மனிதர், தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று நூறு பேர் நடுவில் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுப் போஸ்டரில் நிற்கிறவர்கள் யாராவது ஒரு நாள் அப்படி நின்று காட்டட்டும்.

முரளியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது ஆயா, பெரியப்பாவும் படிக்கட்டும்" என்றான். படத்திறப்பில் அவன் பேசப்போகிறான். மஸ்கட்டிலிருந்து, அதே கம்ப்யூட்டரில், தணிகாசலத்தின் ஆம்ப்ளிபயரில். கலா செட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் குரலை அவனுக்கே திருப்பி அனுப்பிய அந்த நாலாவது ஒயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம். முரளிதான் எடுக்கச் சொன்னான்.

நான் தணிகாசலத்திடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது, குறுக்கே வந்து நின்று அவர் சொன்ன அந்தத் "தொடாதம்மா"தான். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவன் பேச ஆரம்பித்திருப்பான். திக்குவான். நேரமாகும். யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். சிரிப்பு வருகிறவர்கள் வெளியே போய்ச் சிரித்துவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். மற்றவர்கள் உட்காருங்கள். அவன் முடிக்கட்டும்.