கேப்ஸ் லாக்கில் கை வைத்த மேனேஜர்

என் வலக்கைச் சுண்டுவிரல் மடங்காது. மூன்று வருடங்களுக்கு முன் கம்பளை பஸ்ஸின் கதவில் நசுங்கியது. டைப் பண்ணிப் பிழைக்கிற எனக்கு, எழுத்தை அழிக்கும் பேக்ஸ்பேஸ் அதன்பின் எட்டவில்லை.

அதனால், கண்டியில் நான் வேலை செய்யும் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில், எழுத்தைப் பெரிதாக்குவதைத் தவிர யாருக்கும் உதவாத, இடது ஓரத்துக் கேப்ஸ் லாக்கை பேக்ஸ்பேஸாக மாற்றி வைத்திருந்தேன். இடக்கையாலேயே அழித்துவிடுவேன்.

இன்று காலை ஒரு பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் அடிக்கும்போது பிழையொன்றை அழிக்கப் போனேன். அழியவில்லை. அடுத்த வரி முழுக்கப் பெரிய எழுத்தில் ஓடியது.

"நான்தான் பழையபடி ஆக்கினேன்," என்றார் போன வாரம் வந்த மேனேஜர். "ஆளுக்கொரு மாதிரி வச்சிக்கிட்டா எப்படிங்க?"

"இதுல நான் மட்டும்தான் சேர் வேல செய்றேன்," என்று விரலைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "முடியாட்டி வேற வேல தேடுங்க."

அவர் நிற்கும்போதே செட்டிங்ஸைத் திறந்து, கேப்ஸ் லாக்கை மறுபடி மாற்றினேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகக் கத்திவிட்டுப் போனார்.

கையால் ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் இங்கே ஆங்கிலம் அடிக்க என்னை விட்டால் ஆளில்லை. என் மேலான முறைப்பாடு, டைப் பண்ணுவதற்காக, மத்தியானம் என் மேசைக்கே வந்தது.

அதில் என் பெயரே பிழை. அதை மட்டும் திருத்தி அடித்துக் கொடுத்தேன். அவருடைய மற்றப் பிழைகளையும் திருத்தியிருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.