தப்பான எண்ணம்

துபாஷிக்குப் பயம் என்றால் கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. போன் அடித்தால் பயம், ரொம்ப நேரம் அடிக்காவிட்டாலும் பயம். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய யாரைக் கண்டாலும், அது தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆளாகவே இருந்தாலும், சட்டென்று எழுந்து நின்றுவிடுவாள். இத்தனைக்கும் அவள் கழுத்திலேயே ஓர் அட்டை தொங்கியது. மனநல மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் தமிழே தெரியாத கவுன்சிலருக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. துபாஷி என்று பெயர் வைத்தது அவள் புருஷன். "துபாஷி அம்மா வந்தாச்சு, இனி ரெண்டு பாஷையிலயும் திட்டு விழும்" என்று ஒருநாள் கிண்டலுக்குச் சொன்னான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங். கூட நின்று பெட்டி ஒட்டியவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது துணைக்குப் போனவள்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவளுக்கும், அவள் கத்தியதை டாக்டருக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல, "இதுக்கே தனியா வேலை இருக்கு, தெரியுமா?" என்று ஒரு நர்ஸ் விண்ணப்பத்தைக் கையில் திணித்துவிட்டாள். ஆறு வாரப் பயிற்சி. சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். இவ்வளவுதான் பாடம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

வெல்டர் வந்தது அவள் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஐம்பத்தாறு வயது. நெற்றியிலும் முன்கையிலும் தீப்பொறி தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். மனைவி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள், வெளியூர்க் கல்லூரி விடுதியில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்று அவர் இதய டாக்டரிடம் போக, அந்த டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, மூன்றாம் மாடிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கவுன்சிலர் நல்ல பெண். முப்பது வயதிருக்கும். நெஞ்சடைப்பு என்று அவர் சொன்னதை, "அது வெறும் மனக்கவலை" என்று தள்ளிவிடாமல், எந்த நேரத்தில் அடைக்கிறது, அடைக்கும்போது யார் ஞாபகம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "உங்க சோகத்துக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?" என்ற கேள்விக்கு வெல்டர், "அதென்னம்மா, பரீட்சையா? மார்க் போடணுமா?" என்று திருப்பிக் கேட்டபோது, கவுன்சிலர் சிரித்துவிட்டு அந்தக் கேள்வியையே அடித்துவிட்டாள்.

ஆனால் படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாராலும் அடிக்க முடியாது. ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டே ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?

முதல் நாள் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் துபாஷி எதிரே இருந்தவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்பா வயதுக்குக் கொஞ்சம் குறைந்த மனுஷன். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து, சாகப் போகிறீர்களா என்று எந்த வாயால் கேட்பது? சின்ன வயதில் விளையாட்டுக்குச் 'செத்துப் போவேன்' என்று சொன்னதற்கே அம்மா அவள் வாயில் ஒன்று போட்டிருக்கிறாள். அதுவும் போக, இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டால்? கேட்பதால் எண்ணம் வராது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்தான். பயிற்சி மூளைக்குள் போயிற்று, நாக்குக்கு வரவில்லை.

"அண்ணே, மனசுல ஏதாச்சும் தப்பான எண்ணம் வருதா?" என்று கேட்டாள்.

வெல்டர் திடுக்கிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "சே சே! அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"இல்லை" என்று துபாஷி மாற்றினாள். கவுன்சிலர் டிக் போட்டாள். "படிவத்துல ஏதாவது கேள்வி உங்க மொழியில கேக்கக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற மாதிரி யோசிக்கலாம்" என்றும் அன்றைக்கே கேட்டாள். அட்டை மாட்டியவர்கள் கேட்டால் துபாஷிக்கு வாயில் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் சரியா இருக்கு மேடம்."

நான்கு வாரம். நான்கு 'சே சே'. நான்கு டிக்.

நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை மதியம். பேச்சு முடிந்து, அடுத்த வாரத்துக்கான சீட்டை எடுத்துவரக் கவுன்சிலர் வெளியே போனாள். வெல்டர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அன்றைக்கு என்னவோ முகம் தெளிவாக இருந்தது, சவரம் கூடச் செய்திருந்தார். பரவாயில்லையே, ஆள் தேறிவிட்டார் என்று துபாஷிக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காதே."

"சொல்லுங்கண்ணே."

"வாராவாரம் அந்தக் கேள்விய எதுக்கும்மா கேக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு? தப்பான எண்ணம் வருதா, தப்பான எண்ணம் வருதான்னு. என்னைப் பாத்தா பொம்பளைங்களப் பத்தி அப்படி இப்படி நெனக்கிற ஆளு மாதிரியா தெரியுது? கட்டினவ போயி வருஷம் கூடத் திரும்பல. தங்கச்சி மாதிரி இருக்கிற உன் மொகத்தப் பாத்து அதுக்குப் பதில் சொல்றதுக்கே கூசுது."

துபாஷி கதவைத் திரும்பிப் பார்த்தாள். கவுன்சிலர் இன்னும் வரவில்லை.

"சரி விடு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, அடுத்த வாரம் சீட்டு வேணாம்" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடிப் பாவி! நான்கு வாரமாக அந்த மனுஷனிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. அவர் தன் மானத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் அதை அவர் உயிருக்கான பதிலாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீட்டு ஏன் வேண்டாம்? சவரம் எதற்கு? முகத்தில் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் முதலில் நினைத்தது வெல்டரைப் பற்றி மட்டும் இல்லை. வேலை போய்விடும் என்றும் நினைத்தாள். விசாரணை வைப்பார்கள், அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் சரியாகக் கேட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கூட ஒரு நொடி மனசு கணக்குப் போட்டது. அடுத்த வாரம் அவர் வந்தால்தானே? அந்த நினைப்பில் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

கவுன்சிலர் சீட்டோடு உள்ளே வந்தாள். துபாஷி எழுந்து நின்றாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை மேடம், வேறு எதையோ கேட்டேன், அவரும் வேறு எதற்கோ பதில் சொன்னார், நான்கு டிக்கும் பொய்.

கவுன்சிலரின் முகம் வெளுத்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது துபாஷிக்கு. "இப்ப அவர் எங்க இருப்பார்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். பாதியில் கட் ஆனது. துபாஷி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். எடுங்கண்ணே, எடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல்.

"யாரு?"

"அண்ணே, நான்தான்... ஆஸ்பத்திரிலேர்ந்து. சாப்பிட்டீங்களா?"

பாருங்கள் அந்த நாக்கை! உயிர் போகிற அவசரத்திலும் சாப்பாட்டை விசாரிக்கிறது.

"என்னம்மா, இப்பத்தானே பேசிட்டு வந்தேன். அதுக்குள்ள என்ன சாப்பாடு?" அவர் குரலில் லேசான சிரிப்பு.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். அவங்க கேக்கச் சொன்ன கேள்வி அது இல்ல. நேராக் கேக்க எனக்கு வாய் வரல. இப்பக் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "செத்துப் போயிடலாம்னு நெனக்கிறீங்களாண்ணே?"

பஸ் எங்கோ நின்றது. யாரோ இறங்க வழி விடச் சொன்னார்கள். மறுபடி கிளம்பியது. கட் பண்ணிவிட்டாரா என்று அவள் போனையே பார்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பாப்பாவுக்கு வியாழக்கிழமையோட பரீட்சை முடியுதும்மா" என்றார் வெல்டர். "நடுவுல அவளுக்குத் தொந்தரவு வேணாமேன்னுதான் இருக்கேன்."

அன்று செவ்வாய்.

அதை மாற்றிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வரைக்கும்தான் நான் இருப்பேன் என்று 'நான்' போட்டு, தன் வாயால், கவுன்சிலரைப் பார்த்துச் சொன்னாள். கவுன்சிலர் பக்கத்து மேஜைத் தொலைபேசியில் மூத்த டாக்டரை அழைத்து இரண்டே வரியில் சொல்லிவிட்டு, துபாஷியின் பக்கம் திரும்பினாள்.

"திரும்பி வரச் சொல்லணும். உங்க மொழியில எப்படிச் சொன்னா அவர் வருவார்? நான் சொல்றதை மாத்த வேணாம். நீங்களே சொல்லுங்க."

எப்படிச் சொன்னால் வருவார்? உங்களுக்கு உதவி வேண்டும் என்றால் வர மாட்டார், எனக்கு எதுக்கும்மா உதவி என்பார். மகளைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்தான், ஆனால் ஏற்கெனவே அந்தப் பாரத்தில்தான் நசுங்கிக் கிடக்கிறார், அதன் மேல் இன்னும் கல்லை ஏற்றுவதா? துபாஷி யோசித்து ஒன்றும் பேசவில்லை. பயம்தான் பேசியது.

"அண்ணே, எனக்குக் கையும் காலும் ஓடலண்ணே. பயத்துல நடுங்கிக்கிட்டு நிக்கிறேன். நீங்க இங்க வந்து என் எதிர்ல உக்காந்தாத்தான் எனக்கு மூச்சு வரும். வந்துடுங்கண்ணே."

"அழுவுறியாம்மா?"

"ஆமா."

"அட, அழுவாதே. அடுத்த ஸ்டாப்புல இறங்குறேன்." லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் இருபத்திரண்டு நிமிஷம். கவுன்சிலர் அவசர உதவிக்குச் சொல்லி, பஸ் போகும் வழியையும் வெல்டரின் அடையாளத்தையும் கொடுத்தாள். மூத்த டாக்டர் வந்து வாசலில் நின்றார். துபாஷி ஜன்னலோரம் நின்று கீழே பார்த்தாள். எதிர்த் திசையிலிருந்து முதல் பஸ் வந்தது, ஒரு அம்மாவும் இரண்டு பையன்களும் இறங்கினார்கள். இரண்டாவது பஸ்ஸில் யாருமே இறங்கவில்லை. அந்த வெறும் படிக்கட்டைப் பார்த்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரமாட்டார், நான்தான் கொன்றேன், ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லக் கூசி ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கவுன்சிலர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வெல்டர் பஸ்ஸில் வரவில்லை. இறங்கிய இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் சட்டையெல்லாம் வியர்வை. டாக்டரைப் பார்க்கவில்லை, கவுன்சிலரைப் பார்க்கவில்லை. நேராகத் துபாஷியின் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டேன். மூச்சு வருதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். துடைத்த கை முகத்தைவிட்டு இறங்கவில்லை. கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார், குரல் உடைந்து உடைந்து வந்தது. கவுன்சிலர் முன்னால் சாய்ந்து, என்ன சொல்கிறார் என்று கண்ணாலேயே கேட்டாள்.

துபாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றினாள்.

"நாலு வாரமா நான் செத்துக்கிட்டு இருந்தேன். நீ என் ஒழுக்கத்தப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தே."