ஏழு வீட்டு ஊர்

என்னைக் காட்டிக்கொடுத்தவர், ரொறன்ரோவில் எங்கள் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்க்க வருகிற மனிதர்தான்.

எண்பத்தேழு பனிக்காலத்தில் விசாரணை அறைக்கு வெளியே சந்தித்தேன். மெலிந்தவர். சாம்பல் நிறக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். யாரைக் கண்டாலும் ஊர் கேட்பார். கேட்டவுடன் அங்கே தனக்கொரு சொந்தம் இருப்பதாகச் சொல்வார். என் ஊரிலும் அவருக்கு ஒரு மச்சாள் இருந்தா. அதனால் நம்பினேன்.

“இஞ்ச வர முந்தி எங்க நிண்டனீர்?”

“இங்கிலாந்தில, அண்ணை. ஏழு வீடும் ஒரு சேர்ச்சும்தான் ஊர். ஒரு வெள்ளைக்காரக் கிழவி எட்டு மாதம் வைச்சுப் பார்த்தவ. அவவின்ர ஆடுகளை நான் மேய்ச்சன்.”

“யாழ்ப்பாணத்தான் இங்கிலீஸ் ஆடு மேய்ச்சிருக்கிறான்!” என்று சிரித்தார். அந்த ஊரின் பெயரை இரண்டு தரம் கேட்டு, தானும் சொல்லிப் பார்த்தார். “உந்த ஊர்க் கதையை உள்ளுக்குச் சொல்லிப்போடாதையும். வழக்குப் பிழைச்சுப்போம்.”

உள்ளே அதிகாரி என் தகப்பனைப் பற்றித்தான் கேட்டார். “ஆமி பிடிச்சுக்கொண்டு போனது” என்றேன். அதை மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். நடுவில் அந்த ஊரின் பெயர் என் காதில் விழுந்தது. அதிகாரி பேனையை எடுத்தார்.

எட்டு மாதம் பாதுகாப்பாக இருந்தவன் இங்கே ஏன் வந்தான் என்று கேட்டு என் வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அந்த மனிதர் என் தோளில் தட்டினார். “ஊருக்குக் கடிதம் போட்டால் மச்சாளைச் சுகம் கேட்டதாச் சொல்லும்.”

அந்த முகத்தில் ஒரு கள்ளமும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மொழிபெயர்த்த ஐயா, நீங்கள் இதை வாசிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள்: அதிகாரி கேட்காததை நீங்கள் ஏன் சொன்னீர்கள்?