ஆணித்துளையில் இருந்த அட்டை

கணவன் ரைன்ஹோல்டைப் புதைத்து மூன்று மாதம் ஆகியும் குட்ரூனுக்கு அழுகை வரவில்லை. சாக்சனி மலையடிவாரத்து அந்த ஊர்ப் பெண்கள் கேக்கோடு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள்தான் காபி ஊற்றிக்கொடுத்து அவர்களைத் தேற்றி அனுப்பினாள். மனசு மரத்துப்போனவளை யார் என்ன செய்ய முடியும்? பியானோ பழுது பார்ப்பது இருவருக்கும் தொழில். அவன் போன மறு வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

நவம்பரில் தேவாலயக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் பாட்டு உண்டு. அங்கிருந்த பியானோவோ காலையில் சுருதி சேர்த்தால் மாலைக்குள் இறங்கிவிடுகிறது. கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள் துளைகளில் நிற்காமல் ஆடின. கம்பிகளும் துருவேறிக் கிடந்தன. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கல்மான் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு வேலை கிடையாது.

குட்ரூன் ஒரு கம்பியைத் தளர்த்திக் கழற்றி, ஆணியைத் திருகி எடுத்தாள். கூடவே ஒரு அட்டைச்சுருள் வந்தது. அடுத்த ஆணியிலும் அதே கதை. தொளதொளத்த துளையில் தடித்த ஆணி போடுவதுதான் ஒழுங்கு, அட்டையைத் திணிப்பது திருட்டு வேலை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் ரைன்ஹோல்ட்.

எங்கல்மான் எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் பண்ணிக் குடுத்தப்போ கல்லு மாதிரி நின்னுச்சும்மா. நடுவுல ஒரு தடவை பக்கத்து ஊரு ஊலிக்கைக் கூப்பிட்டேன். இது அவன் வேலைதான். இனிமே சுத்துவட்டாரத்துல ஒரு தேவாலயத்துலயும் அவனை உள்ள விடமாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

ஊலிக் மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். தேவாலயப் பியானோக்களை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது.

குட்ரூன் சுருளை விரலால் பிரித்தாள். பழுப்பேறிய அட்டையில் அவள் கையெழுத்து: 'பிளம் ஜாம், 78'. எட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தெட்டில், ஜாம் ஜாடிகளில் கட்ட எழுதி வைத்த அட்டைகள் காணாமல்போக, வீட்டையே தலைகீழாக்கித் தேடினாள். கூடவே மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் தேடியவன் இந்த உத்தமன்தான். அந்த வருஷம் கடைகளில் இருந்த தட்டுப்பாட்டில் தடித்த ஆணி எங்கேயும் கிடைக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். இப்போது சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டால் போதும், செத்தவன் பெயர் கெடாது.

"ஊலிக் இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் பண்ணினது. பாருங்க, இது என் எழுத்து."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஊலிக்கை ஒன்றும் செய்யமாட்டேன் என்று முனகினார். பிறகு, "போனவரை விட்ரும்மா" என்றார்.

"ஏன் விடணும்?" அவள் குரல் உயர்ந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன்மேல் கோபம் வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானே வெட்டிக் குடுத்திருப்பேனே."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.