முக்கால் மணி நேரத் தூரம்

விமான நிலையத்தில் அவரை எல்லாரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன ஊர், சின்ன விமான நிலையம். தினமும் காலையில் கிளம்பும் குட்டி விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டிகளை ஏற்றி இறக்குவதுதான் அவருக்கு இளவயதிலிருந்தே பிழைப்பு.

அந்த விமானம் போகிற ஊரில்தான் அவருடைய ஒரே மகள் இருந்தாள். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஆகும். விமானத்தில் முக்கால் மணி நேரம். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு டிக்கெட் இலவசம் வேறு. ஆனால் மகள் தன் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, "உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று வார்த்தையை விட்டுவிட்டார் மனுஷர். அட, விட்ட வார்த்தையை விழுங்கினால் தொண்டையிலா சிக்கிக்கொள்ளும்? ரோஷம் விடவில்லை. மகள் வீடு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "அது ரொம்ப தூரம்ப்பா" என்பார், அந்த ஊருக்குப் போகும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே.

"நீங்க ஏத்துற பெட்டிக்கெல்லாம் போக வழி தெரியுது, உங்களுக்குத்தான் தெரியலை," என்பாள் மனைவி. அவள்தான் முதுகுவலியோடு பஸ்ஸில் போய்ப் போய் வந்தாள்.

அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. மனைவி மகள் வீட்டில் இருந்தாள். மகளே போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு ஃபிளைட்டுல வா. நான் ஏர்போர்ட் வாசல்ல நிப்பேன். நீ வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் சலவைச் சட்டையோடு வந்து ஏறினார். கூட வேலை செய்பவர்கள் கையைத் தட்டி வழியனுப்பினார்கள். மகளைப் பார்த்ததும் என்ன பேசுவது? மன்னிப்புக் கேட்பதா, ஒன்றும் நடக்காத மாதிரி சிரிப்பதா? ஒரு முடிவுக்கு வருவதற்குள் விமானம் தரையிறங்கிவிட்டது.

படியிறங்கினார். எல்லாரும் வாசலைப் பார்த்துப் போனார்கள். இவர் கால் நேரே விமானத்தின் பின்பக்கம் போயிற்று. பழக்கதோஷம்! அங்கே ஒருவன் பெட்டியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தான்.

"டேய், மெதுவாடா! அடுத்தவன் பொருள்னா அவ்வளவு இளக்காரமா?" என்று சட்டைக் கையை மடித்து வேலையில் இறங்கினவர்தான். கடைசிப் பெட்டியை வண்டியில் வைத்தபோது காவலர் ஓடி வந்தார்.

"யாருய்யா நீ? பயணிக்கு இங்க என்ன வேலை?"

பயணி! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ, எம் பொண்ணு!" என்று வாசலுக்கு ஓடினார்.

வாசல் காலி. தூரத்தில் மனைவியும் மகளும் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் முந்தானையால் முகத்தைத் துடைப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. பின்னாலேயே ஓடினார்.

"பாப்பா!"

அவள் திரும்பினாள். அவர் அழுக்குக் கைகளை நீட்டிக் காட்டினார்.

"பெட்டி இறக்கப் போயிட்டேம்மா..."

"எல்லாரும் வந்துட்டாங்க, நீ மட்டும் வரலை. ஏறவே இல்லைன்னு நினைச்சுட்டேன்ப்பா!" அழுதுகொண்டே சிரித்தாள். அந்த அழுக்குக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார், இறங்கினார். அவ்வளவுதானே வழி?

"இவ்வளவு கிட்டத்துலயாடி இருந்தே?" என்றார்.