மார்கழியில் புகைந்த கிணறு

கிணற்றுக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. வாளியை இறக்கக் குனிந்த என் முகத்தில் அது ஈரமாகப் பட்டதும், தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்ற எண்ணம் பளிச்சென்று வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பதினோரு வயது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் புகையும் என்று அறிவியல் வகுப்பில் செய்து காட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அந்த ஊருக்கு எங்களைப் பிடிக்காமல் போவதற்கும் முகாந்திரம் இருந்தது. ஐப்பசி மழையில் அப்பா இறந்துபோனார். அவர் வேலைக்காகக் கொடுத்திருந்த பெரம்பூர் குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டதால், அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, மாடம்பாக்கத்தில் பூச்சு வேலைகூட முடியாமல் நின்ற எங்கள் வீட்டு வாசலில், மார்கழி பிறந்த நான்காம் நாள் லாரியிலிருந்து இறங்கினாள். "மார்கழில எவனாவது பால் காய்ச்சுவானா? இவங்ககிட்ட ஏதோ கீது" என்று கடை வாசலில் நின்றவர்கள் பேசியது, எங்கள் காதில் விழட்டும் என்றே பேசியதாகப் பட்டது.

தண்ணீருக்கு, எங்களுக்கு மனை விற்ற குடும்பத்தின் கிணறுதான். அந்த வீட்டு சரோஜா அக்கா எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்; ஆனால் நான் இறைத்து முடிக்கும்வரை கொல்லைக் கதவருகே நின்று வைத்த கண் எடுக்காமல் பார்ப்பார். எதற்குப் பார்க்கிறாள் என்று அம்மா தினமும் கேட்பாள். தண்ணீர் இல்லையென்றால் இந்த வீட்டில் இருக்க முடியாது. இங்கே இருக்க முடியாவிட்டால் மாமா வீடுதான் கதி. ஒருவேளைச் சோறு போடுவதற்கு முன்பே மாமா அதைச் சொல்லிக்காட்டத் தொடங்கியிருந்தார்.

ஆகவே என் சுண்ணாம்புக் கதையை அம்மா மறுபேச்சில்லாமல் நம்பினாள். சந்தேகம் வராதபடி நான் வழக்கம்போல் இறைத்து வந்து வேலியோரம் கொட்டினேன். குடிக்கவும் சமைக்கவும் இருவருமாக ஏரிக்கரை "அடிபம்பு"க்கு நடந்தோம். பனி ஏரியை முழுசாக விழுங்கியிருக்கும், பனைமரங்களின் தலைகள் மட்டும் தரையில்லாமல் மிதக்கும், தும்பைச் செடிகளுக்கு நடுவே சிலந்திவலைகள் பனியைச் சொட்டுச் சொட்டாகக் கோத்துக்கொண்டிருக்கும், தாம்பரம் பக்கத்து ரயில் சத்தம் அடுத்த தெருவில் ஓடுவதுபோல் கேட்கும். பெரம்பூரில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பனியை நான் நம்பவில்லை. எதிரே வருகிறவர் பத்தடியில்தான் தெரிகிறார், அதற்குள் அவர் நம்மை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்?

ஐந்தாம் நாள் ராட்டினத்தில் கயிறு இல்லை. சரோஜா அக்கா நின்றிருந்தார்.

"எங்க வூட்டுத் தண்ணி உங்களுக்கு எறங்கலியா? நாலு நாளா வேலிக்கு ஊத்தினு கீறே. நாங்க தொட்ட தண்ணி ஆவாதா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அழுதுகொண்டே புகை, சுண்ணாம்பு, வகுப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்து ராட்டினத்தில் மாட்டி, ஒரு வாளி இறைத்து, என் தலையில் அப்படியே கவிழ்த்தார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

"வெந்துட்டியா?"

"இல்லக்கா."

"பனிக்காலத்துல கெணறு பொகையும். மேல குளிரு, உள்ள சூடு. ஆறாவது படிக்கிறாளாம். செவுரு ஒரு பக்கம் ஒடஞ்சி கீது, நீ பாட்டுக்கு எட்டி எட்டிக் குனியறே, வுழுந்துடப் போறியேன்னுதான் தெனம் நின்னுகினு இருந்தேன்."

என் அழுகைச் சத்தம் கேட்டு அம்மா சண்டைக்குத் தயாராகத்தான் ஓடி வந்தாள். சொட்டச் சொட்ட நின்ற என் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் அதே வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருந்தது. அம்மா என்னைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மீதித் தண்ணீருக்குள் கையை விட்டு, எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் மாமா வீட்டுக்குப் போகவும் இல்லை.

கிணறு இருந்த அந்த நிலத்தில் இன்று நான்கு மாடிக் குடியிருப்பு. ஏரியில் பாதி தெருக்களாகிவிட்டது. தும்பை இல்லை, பனை இரண்டோ மூன்றோ. கிணற்றைச் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள்; அதன்மேல் ஒரு கார் நிற்கிறது. இந்த மார்கழியில் ஒரு நாள் காலையில் மட்டும் திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கு மேடம்? கேஸ் கீஸ் போடப் போறீங்களா?" என்றார். மூன்று முறை கேட்டபின், வருகிற ஞாயிறு விடியுமுன் பலகையை நகர்த்தச் சம்மதித்திருக்கிறார்.

புகைகிறதோ இல்லையோ, கையை விட்டுப் பார்த்துவிட்டு, நேராகப் படப்பையில் மகள் வீட்டோடு இருக்கும் சரோஜா அக்காவிடம் போய்ச் சொல்லப் போகிறேன். அம்மாவும் நானும் அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.